நீலகிரியில் 26,747 பேர் எங்கே போனார்கள்?

மே மாதத்தில் ஊட்டி சேரிங் கிராஸில் கார் நகராமல் அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பவரிடம் போய், "இந்த மாவட்டத்தில் ஆள் குறைந்துபோச்சு, தெரியுமா?" என்று கேட்டால் முறைப்பார். உயர் நீதிமன்றம் தலையிட்டு, 2024 மே 7 முதல் மலையேறும் வண்டிகளுக்கு இ-பாஸ் கொண்டுவர வேண்டிய அளவுக்குக் கூட்டம் வரும் ஊர் அது. ஆனால் வந்து போகிறவர்கள் வேறு, இருக்கிறவர்கள் வேறு.

2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நீலகிரி மாவட்டத்தில் இருந்தவர்கள் 7,62,141 பேர். 2011ல் 7,35,394 பேர். பத்து ஆண்டுகளில் 26,747 பேர் குறைவு. அப்போது தமிழ்நாட்டில் இருந்த 32 மாவட்டங்களில் தலைக்கணக்கு கீழே இறங்கியது இந்த ஒன்றில் மட்டும்தான். மாநிலம் மொத்தமாக அதே காலத்தில் 15.6 சதவீதம் வளர்ந்திருந்தது. சரி, தோட்டங்களும் காடும் சூழ்ந்த குக்கிராமங்கள்தான் காலியாகியிருக்கும் என்று நினைத்தால் அதுவும் இல்லை. ஊட்டி நகராட்சியே 93,987லிருந்து 88,430க்கு இறங்கியிருக்கிறது. குன்னூர் 50,196லிருந்து 45,494க்கு.

குடும்பக் கட்டுப்பாடு நன்றாக நடந்த மாநிலம், அதனால் பிறப்பு குறைந்துவிட்டது என்று இதற்கு எளிதாகக் காரணம் சொல்லிவிடலாம். பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். அது பாதிகூடச் சரியில்லை என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

கணக்கு என்னவோ எளிதுதான்

ஒரு வட்டாரத்தின் மக்கள்தொகை மாறுவதற்கு நான்கே வழிகள். பிறப்பார்கள், இறப்பார்கள், வெளியிலிருந்து வருவார்கள், வெளியே போவார்கள். ஊர் ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். நேரே ஏரிக்குள் பெய்யும் மழை, வெயிலில் ஆவியாகிப் போகும் நீர், வரத்து வாய்க்கால், மதகு. மழையையும் ஆவியையும் கழித்துப் பார்ப்பதைத்தான் மக்கள்தொகையியலில் இயற்கை வளர்ச்சி என்கிறார்கள். வாய்க்காலையும் மதகையும் கழித்துப் பார்த்தால் நிகர இடப்பெயர்வு.

நாடு என்ற அளவில் பார்க்கும்போது பிறப்பும் இறப்பும்தான் பெரிய எண்கள். இந்தியா போன்ற நாட்டில் வெளியிலிருந்து வருவதும் போவதும் மொத்தத்தோடு ஒப்பிட்டால் சொற்பம். மாநிலத்துக்கு இறங்கினால் இடப்பெயர்வின் எடை கூடும். மாவட்டத்துக்கு இறங்கினால் பல இடங்களில் அதுவே கதையாகிவிடும்.

நீலகிரிக்கு இந்தக் கழித்தலைச் செய்து பார்ப்போம். தமிழ்நாட்டின் பிறப்பு விகிதம் 2001ல் ஆயிரத்துக்கு 19 அளவில் இருந்து 2011ல் 15.9க்கு வந்தது. இறப்பு விகிதம் ஏழரையை ஒட்டியே நின்றது. அதாவது இயற்கை வளர்ச்சி ஆண்டுக்கு ஆயிரத்துக்குப் பதினொன்றில் தொடங்கி எட்டரைக்கு இறங்கியது. நீலகிரியில் அது மாநிலச் சராசரியைவிடக் குறைவு என்று வைத்து, ஆயிரத்துக்கு 7 என்று பிடித்துக்கொள்வோம். இது என் கைக்கணக்குதான், அரசு எண் அல்ல. அப்படிக் குறைத்துப் பிடித்தாலும் ஆண்டுக்கு 5,300 பேர் கூடியிருக்க வேண்டும், பத்து ஆண்டுகளில் 53 ஆயிரம். மாவட்டம் 8 லட்சத்து 15 ஆயிரத்தில் போய் நின்றிருக்க வேண்டும். நின்றதோ 7 லட்சத்து 35 ஆயிரத்தில்.

ஆக, மலையை விட்டுப் போனவர்கள் 26,747 பேர் அல்ல. வந்தவர்களைக் கழித்த பிறகும் கிட்டத்தட்ட 80 ஆயிரம் பேர் வரலாம். பத்தில் ஒருவருக்கு மேல். பிறந்த குழந்தைகள் அந்தப் பள்ளத்தில் பெரும்பங்கை மூடி மறைத்துவிட்டார்கள். மூட முடியாமல் மிஞ்சியதுதான் 26,747.

ஆட்களைக் கொண்டுவந்து நிரப்பிய மலை

வெளியே போனவர்களைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், உள்ளே எப்படி வந்தார்கள் என்று பார்க்க வேண்டும். 1901ல் இந்த மாவட்டத்தில் ஒரு லட்சத்துச் சொச்சம் பேர்தான். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய பழங்குடிகள், படுகர்கள், அப்புறம் கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் 1819ல் மேலே ஏறி வந்ததற்குப் பிறகு வெள்ளைக்காரர்களின் பின்னால் வந்தவர்கள். அந்த ஒரு லட்சம் நூறு ஆண்டுகளில் ஏழரை லட்சமானது உள்ளூர்ப் பிள்ளைப்பேற்றால் மட்டும் அல்ல. காப்பியும் தேயிலையும் ஆள் கேட்டன. அரவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலை வந்தது. பைக்காரா, பிறகு குந்தா என்று நீர்மின் திட்டங்கள் வந்தன. அணை கட்ட வந்தவர்களில் ஒரு பகுதியினர் அங்கேயே தங்கினார்கள். ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1967ல் உற்பத்தியைத் தொடங்கியபோது அதைச் சுற்றி இந்து நகர் என்று ஒரு குடியிருப்பே உருவானது. கூடலூர்ப் பக்கம் கேரளத்திலிருந்து விவசாயிகள் வந்து காடு திருத்தினார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய வரத்து இலங்கையிலிருந்து. 1964 அக்டோபர் 30ல் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், இலங்கை மலையகத்தின் 9 லட்சத்து 75 ஆயிரம் இந்திய வம்சாவளித் தமிழர்களைக் காய்கறி போலப் பங்கு பிரித்தது. 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு, மீதி ஒன்றரை லட்சம் பேரைப் பற்றிப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். அந்த மீதியையும் 1974ல் ஆளுக்குப் பாதியாக 75 ஆயிரம் என்று பிரித்துக்கொண்டார்கள். சம்பந்தப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. எல்லோரும் வந்துவிடவும் இல்லை. 1984ல் ராமேஸ்வரம்–தலைமன்னார் கப்பல் நின்றதோடு வரத்து ஏறக்குறைய நின்றுபோனது.

வந்தவர்கள் தேயிலை தெரிந்தவர்கள். கண்டியிலும் நுவரெலியாவிலும் பதுளையிலும் தலைமுறைகளாகக் கொழுந்து பறித்தவர்களை அனல் அடிக்கும் சமவெளியில் குடிவைத்தால் என்ன செய்வார்கள்? அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக 1968ல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டம்தான் பின்னால் டான்டீ என்ற தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமானது. குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர், சேரம்பாடி என்று தோட்டங்கள் போட்டு, லைன் வீடுகள், அதாவது வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் குடியிருப்புகள் கட்டிக் குடியமர்த்தினார்கள். டான்டீயில் இடம் கிடைக்காதவர்கள் கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் உருளைக்கிழங்கு, கேரட் தோட்டங்களில் தினக்கூலிக்குப் போனார்கள். சமவெளியில் நிலமும் கடனும் கொடுத்துக் குடிவைக்கப்பட்டவர்களில் பலரும் அது சரிப்படாமல் மலையேறி வந்து சேர்ந்தார்கள். அரசுக் காகிதத்தில் அவர்கள் 'தாயகம் திரும்பியோர்'. பிறந்ததே இலங்கையில் என்பவர்களுக்கு இப்படி ஒரு பெயர். உள்ளூரில் இன்றைக்கும் 'சிலோன்காரங்க'தான்.

இதெல்லாம் எண்களில் அப்படியே தெரிகிறது. 1971ல் நீலகிரியின் மக்கள்தொகை 4,94,015. 1981ல் 6,30,169. பத்து ஆண்டுகளில் 27.6 சதவீத உயர்வு, மாநிலமோ 17.5 சதவீதம்தான் வளர்ந்தது. மாநில வேகத்தில் போயிருந்தால் 86 ஆயிரம் பேர் கூடியிருப்பார்கள். கூடியது 1,36,154 பேர். அந்த 50 ஆயிரம் வித்தியாசத்தில் பெரும்பகுதி கப்பலேறி வந்தது என்று சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை.

அதற்கடுத்த பத்தாண்டில் வளர்ச்சி 12.7 சதவீதம், அதற்கும் அடுத்ததில் 7.3. இரண்டுமே மாநிலத்தைவிடக் குறைவு. அதன் பிறகுதான் கழித்தல் குறி வந்தது. 2001க்குப் பிறகு திடீரென்று எல்லோரும் மூட்டை கட்டவில்லை. வாய்க்கால் நின்று, மதகு கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, கடைசியில் அகலத் திறந்துவிட்டது. அப்படித்தான் இந்த வரிசையை நான் படிக்கிறேன்.

கொழுந்து விலை விழுந்தபோது

மதகை அகலத் திறந்தது தேயிலை விலை. தென்னிந்தியத் தேயிலைக்குச் சோவியத் ஒன்றியம் மிகப் பெரிய வாடிக்கையாளராக இருந்தது. டாலர் இல்லாமல் ரூபாயிலேயே வாங்கிப்போன வாடிக்கையாளர். 1991ல் அது உடைந்தது. சில ஆண்டுகள் எப்படியோ ஓடின. 1990களின் கடைசியில் கிலோ 15 ரூபாய்க்கு மேல் போய்க்கொண்டிருந்த பச்சைத் தேயிலை, சட்டென்று ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது. உலகம் முழுக்கத் தேயிலை அதிகமாக விளைந்தது. நீலகிரியில் தரத்தைக் கவனிக்காமல் எடைக்காக முற்றல் இலையையும் சேர்த்துப் பறித்தார்கள். குன்னூர் ஏலத்தில் விலை போகவில்லை. இந்திய–இலங்கைத் தடையற்ற வணிக ஒப்பந்தம் 2000ல் நடைமுறைக்கு வந்து, ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி கிலோ இலங்கைத் தேயிலை சலுகை வரியில் வரலாம் என்றானது. அந்த அளவு முழுதாக வந்ததோ இல்லையோ, மலையில் கோபம் அதன்மேல் திரும்பியது. ஆட்கள் வந்த வழியிலேயே தேயிலையும் வருகிறது என்றால் கோபம் வராதா?

இதில் இரண்டு விதமான குடும்பங்கள் அடிபட்டன. ஒன்று, ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருந்த சிறு விவசாயிகள். இவர்களில் பெரும்பான்மையினர் படுகர்கள். உருளைக்கிழங்கைக் கைவிட்டு, மாதாமாதம் பணம் வரும் என்று தேயிலைக்கு மாறியவர்கள் பலர். தேயிலை பல்லாண்டுப் பயிர். விலை விழுந்தால் அடுத்த பருவத்தில் வேறு பயிர் போட்டுக்கொள்ளலாம் என்ற பேச்சே இல்லை. ஹட்டிகள் எனப்படும் படுகர் ஊர்களில் பெரியவர்கள் செடியோடு இருந்தார்கள். படித்த பிள்ளைகள் கோவைக்கும் பெங்களூருக்கும் போனார்கள். இன்னொன்று, நிலமே இல்லாத தோட்டத் தொழிலாளர்கள். இவர்களுக்குத் திருப்பூர் இருந்தது.

மலையில் இருப்பவர்கள் சமவெளியைக் 'கீழே' என்றுதான் சொல்வார்கள். கீழே போவது முன்பு ஆஸ்பத்திரிக்கோ கல்யாணத்துக்கோ. அந்தப் பத்தாண்டில் அது பிழைப்புக்கு என்றானது. திருப்பூரில் அப்போது பனியன் கம்பெனிகள் பெருகிக்கொண்டிருந்த நேரம். எந்த நாடு எவ்வளவு ஏற்றுமதி செய்யலாம் என்று வரம்பு கட்டிய உலக ஜவுளி வணிகத்தின் ஒதுக்கீட்டுமுறை 2005ல் முடிவுக்கு வர, ஆர்டர்கள் குவிந்தன. மேட்டுப்பாளையத்தில் இறங்கினால் சில மணி நேரத்தில் திருப்பூர். ஒரே வீட்டில் நான்கு பேர் வேலைக்குப் போகலாம். 2001–2011ல் திருப்பூர் மாவட்டம் 29 சதவீதம் வளர்ந்தது, கோவை 18.6 சதவீதம். அந்த வளர்ச்சியில் நீலகிரிக்காரர்கள் ஒரு சிறு துளிதான், ஆனால் நீலகிரிக்கு அது பெரிய ஓட்டை. ஊட்டியில் பிலிம் கம்பெனியும் அதே காலத்தில் நொடித்துப்போனது. வெளிநாட்டுப் பிலிமோடு போட்டி, அப்புறம் டிஜிட்டல் கேமரா. 1990களிலேயே நலிந்த நிறுவனம் என்று அறிவிக்கப்பட்டு, ஆட்களைக் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பி, கடைசியில் மூடினார்கள்.

போனவர்கள் யார் என்பதற்கு இன்னொரு தடயம், ஆண்–பெண் விகிதம். 2001ல் நீலகிரியில் ஆயிரம் ஆண்களுக்கு 1,014 பெண்கள். 2011ல் 1,042. மாநிலத்தில் அது 996 மட்டுமே. முதலில் இறங்கியவர்களில் ஆண்கள் அதிகம் என்று இதிலிருந்து ஊகிக்கலாம்.

போகிறவர்கள் பிறப்பையும் கொண்டுபோகிறார்கள்

பிறப்பும் இடப்பெயர்வும் தனித்தனிக் கணக்கு என்று மேலே சொன்னேன். உண்மையில் அவை அப்படிப் பிரிந்து நிற்பதில்லை. மலையை விட்டு இறங்குகிறவர் எழுபது வயதுக்காரர் இல்லை, இருபத்தைந்து வயதுக்காரர். அவர் போனால் அன்றைக்குக் குறைவது ஒரு தலைதான். ஆனால் அவருக்குப் பிறக்கப்போகும் இரண்டு பிள்ளைகளும் திருப்பூர்க் கணக்கில் சேர்ந்துவிடும். 2011ல் நீலகிரியில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் 66,799 பேர், மக்கள்தொகையில் 9.1 சதவீதம். மாநிலத்தில் 10.3. நீலகிரிப் பெண்கள் குறைவாகப் பெற்றார்கள் என்பது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். பெற்றுக்கொள்ளும் வயதில் இருந்தவர்கள் ஊரில் இல்லை என்பதும் காரணம்.

ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.1 குழந்தை என்பது ஒரு தலைமுறை தன்னைத்தானே ஈடுசெய்துகொள்ளும் அளவு. தமிழ்நாடு 1990களின் முதல் பாதியிலேயே அதைத் தொட்டுவிட்டது. 2020ல் 1.4. ஆனால் 2.1ஐத் தொட்ட மறுநாளே மக்கள்தொகை குறைய ஆரம்பிக்காது. அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளில் நிறையப் பேர் பிறந்திருப்பார்கள். அவர்கள் வளர்ந்து ஆளுக்கு ஒன்றோ இரண்டோ பெற்றாலும் இறப்பைவிடப் பிறப்பு அதிகமாகவே இருக்கும். ஓடுகிற பேருந்தில் பிரேக் போட்டாலும் கொஞ்ச தூரம் போய்த்தான் நிற்கும் என்பது போல. 2011ல் தமிழ்நாட்டின் எந்த மாவட்டமும் குறைந்த பிறப்பால் மட்டும் சுருங்கியிருக்க வாய்ப்பில்லை. நீலகிரியின் காரணம் பிறப்பு அல்ல என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

பிறப்பு, இறப்புப் பதிவேடுகளை வைத்து மாவட்டங்களை ஒப்பிடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1969ஆம் ஆண்டின் சட்டப்படி, பிறப்பு நடந்த இடத்தில்தான் பதிவு; தாய் வசிக்கும் இடத்தில் அல்ல. நம் ஊரில் தலைப்பிரசவம் தாய்வீட்டில். சிக்கலான பிரசவம் என்றால் மலையிலிருந்து கோவைக்கு அனுப்பிவிடுவார்கள். அந்தக் குழந்தை கோவைக் கணக்கு. புதுச்சேரியின் பிறப்புப் பதிவு எப்போதும் ஊதித் தெரிவதும் இப்படித்தான். விழுப்புரம், கடலூர்ப் பக்கத்துத் தாய்மார்கள் ஜிப்மரில் வந்து பெற்றுக்கொள்கிறார்கள்.

இறப்பு விகிதத்திலும் ஏமாறலாம். 2019ல் கேரளத்தின் இறப்பு விகிதம் ஆயிரத்துக்கு 7.1, பீகாரில் 5.5. பீகாரில் மருத்துவம் மேல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கேரளத்தில் கிழவர்கள் அதிகம், அவ்வளவுதான். இளைஞர்கள் வெளியேறிய எந்த ஊரிலும் இது நடக்கும். யாருக்கும் புதிதாக நோய் வராமலேயே இறப்பு விகிதம் ஏறும். ஆகவே இடப்பெயர்வு மதகை மட்டும் திறப்பதில்லை. மழையைக் குறைத்து ஆவியாதலையும் கூட்டிவிடுகிறது.

மேற்குத் தொடர்ச்சி மலை நெடுக

நீலகிரியைத் தமிழ்நாட்டின் மாவட்ட வரைபடத்தில் பார்த்தால் ஒற்றை விதிவிலக்காகத் தெரியும். மாநில எல்லைகளை அழித்துவிட்டுப் பாருங்கள். அதே 2001–2011ல் மகாராஷ்டிரத்தில் ரத்தினகிரியும் சிந்துதுர்க்கும் குறைந்தன. கர்நாடகத்தில் காப்பி விளையும் சிக்கமகளூரு லேசாகக் குறைந்தது. பக்கத்துக் குடகு ஒரு சதவீதம் வளர்ந்ததோடு சரி. கேரளத்தில் இடுக்கி 1.8 சதவீதமும் பத்தனம்திட்டா 3 சதவீதமும் குறைந்தன. நீலகிரி இந்த வரிசையின் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. கொங்கணக் கரையிலிருந்து தென்கேரளம் வரை மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டி ஒரு சரம்.

இந்தச் சரத்தில் வால்பாறை ஏன் இல்லை என்று கேட்கலாம். இருக்கிறது, கண்ணுக்குத் தெரியவில்லை. வால்பாறை நகராட்சி 2001ல் 95 ஆயிரம் பேருக்குச் சற்றுக் குறைவு, 2011ல் 71 ஆயிரம். நால்வரில் ஒருவர் காணோம். நீலகிரியைவிடப் பல மடங்கு வேகம். ஆனால் அது கோவை மாவட்டத்துக்குள் இருப்பதால், கோவையின் 18.6 சதவீத வளர்ச்சி அதை விழுங்கிவிட்டது. மாவட்ட எல்லையை எங்கே போடுகிறோம் என்பதைப் பொறுத்து ஒரு வீழ்ச்சி செய்தியாகும் அல்லது காணாமல் போகும்.

இந்தச் சரத்தில் உள்ள எல்லா ஊரும் ஒரே காரணத்தால் குறையவில்லை. இடுக்கி நீலகிரிக்கு உடன்பிறப்பு போல. பீருமேட்டில் 2000ஐ ஒட்டி எஸ்டேட்டுகள் வரிசையாக மூடப்பட்டன. அங்கே லயங்கள் எனப்படும் லைன் வீடுகளில் இருந்தவர்களிலும் தமிழர்கள் ஏராளம். பத்தனம்திட்டா முற்றிலும் வேறு. அங்கே பசி விரட்டி யாரும் போகவில்லை. செவிலியர் படிப்பும் வளைகுடா விசாவும் அமெரிக்க உறவினர்களும் சேர்ந்து இழுத்தன. கும்பநாடு பக்கம் போனால் பெரிய பெரிய வீடுகள், சுற்றுச்சுவர், கேமரா, பூட்டு. உள்ளே யாரும் இல்லை, அல்லது வயதான ஒருவரும் அவரைப் பார்த்துக்கொள்ளும் ஒருவரும். பத்தனம்திட்டாவில் ஆயிரம் ஆண்களுக்கு 1,132 பெண்கள் என்றது 2011 கணக்கு. குறைந்த சதவீதம் நீலகிரிக்கும் இதற்கும் ஏறக்குறைய ஒன்று. ஆனால் ஒன்று வங்கியில் பணம் ஏறிய காலி வீடு, மற்றது டான்டீயின் லைன் வீடு.

வளர்ச்சியின் புதிரும் உண்டு

தமிழ்நாட்டு எண்ணிலேயே ஒரு வேடிக்கை இருக்கிறது. 1991–2001ல் மாநிலம் 11.7 சதவீதம் வளர்ந்தது. பிறப்பு மேலும் குறைந்த அடுத்த பத்தாண்டில் 15.6 சதவீதம். தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்? 2001 கணக்கை வைத்து அரசு வல்லுநர் குழு போட்ட முன்மதிப்பீடு, 2011ல் தமிழ்நாடு 6.74 கோடியில் நிற்கும் என்றது. வந்தது 7.21 கோடி. கிட்டத்தட்ட 47 லட்சம் பேர் கூடுதல்.

2001ல் எண்ணும்போதே பலர் விடுபட்டிருக்கலாம் என்று ஒரு வாதம் உண்டு. வெளி மாநிலத்தவர் வரவு மதிப்பிட்டதைவிட மிக அதிகம் என்பது இன்னொரு வாதம். இரண்டும் கலந்துதான் என்று எனக்குப் படுகிறது. வளர்ச்சி எங்கே குவிந்தது என்று பார்த்தால் இரண்டாவது வாதத்துக்குக் கொஞ்சம் பலம் கூடுகிறது. அன்றைய காஞ்சிபுரம் மாவட்டம், அதாவது ஸ்ரீபெரும்புதூரும் பழைய மகாபலிபுரம் சாலையும் அடங்கியது, 39 சதவீதம் அளவுக்கு வளர்ந்தது. திருவள்ளூர் 35. அதே வேளையில் காவிரிக் கடைமடையில் திருவாரூர் 8 சதவீதம், நாகப்பட்டினம் 8.6. மாநிலச் சராசரியில் பாதி. இந்த மாவட்டங்களிலிருந்தும் ஆட்கள் வெளியேறியிருக்கிறார்கள். பிறப்பு அதை மூடும் அளவுக்கு இருந்ததால் கழித்தல் குறி விழவில்லை. நீலகிரிக்கும் இவற்றுக்கும் உள்ள வித்தியாசம் அளவில்தான்.

இதன் விளைவு வாக்காளர் பட்டியலில் பளிச்சென்று தெரியும். 2021 சட்டமன்றத் தேர்தலில் சோழிங்கநல்லூர்த் தொகுதியில் ஆறரை லட்சத்துக்கு மேல் வாக்காளர்கள். குன்னூரில் இரண்டு லட்சத்துக்கும் குறைவு. இரண்டுக்கும் ஒரு எம்எல்ஏதான். மக்கள்தொகைப்படி வட இந்தியாவுக்கு எம்பிக்கள் கூடிவிடுவார்கள் என்று தமிழ்நாட்டில் பேசுகிறோம், நியாயமான கவலைதான். அதே கணக்கை மாநிலத்துக்குள் போட்டால் நீலகிரியின் மூன்று தொகுதிகள் என்ன ஆகும் என்பதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை.

இப்போது யார் இருக்கிறார்கள்

2011க்குப் பிறகு கணக்கெடுப்பே நடக்கவில்லை. 2021ல் நடந்திருக்க வேண்டியது கொரோனாவில் தள்ளிப்போய், அப்படியே தள்ளிக்கொண்டே போனது. இதற்கிடையில் மலையில் நடந்தவை பல. டான்டீயில் பறிக்க ஆள் இல்லை, நட்டம் என்று சொல்லி 2022ல் 2,152 ஹெக்டேர் நிலத்தை வனத்துறைக்கே திருப்பிக் கொடுக்க அரசு முடிவெடுத்தது. ஆட்களுக்கு வேலை கொடுக்கக் காட்டை அழித்துப் போட்ட தோட்டம், ஆட்கள் இல்லாமல் காட்டுக்குத் திரும்புகிறது. ஓய்வு பெற்றவர்கள் லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்ற நெருக்கடி வேறு. இலங்கையில் லயம், இங்கே லைன், சொந்தமாக ஒரு வீடு மட்டும் இரண்டு நாட்டிலும் கிடைக்கவில்லை என்று வயதானவர்கள் சொல்வது மிகையில்லை.

தனியார் எஸ்டேட்டுகளில் வேறு காட்சி. ஜார்க்கண்ட், அசாம், ஒடிசாவிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து கொழுந்து பறிக்கிறார்கள். சிலோன்காரர்கள் காலி செய்த லைன்களில் இப்போது இந்தியும் ஜார்க்கண்ட் பக்கத்துச் சாத்ரி மொழியும் கேட்கிறது. பத்தாண்டு எண்ணிக்கையில் ஒருவர் போய் ஒருவர் வந்தால் விடை பூஜ்யம். பள்ளிக்கூடத்திலும் ரேஷன் கடையிலும் அது பூஜ்யம் இல்லை.

அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1ஐக் குறிப்பு நாளாக அறிவித்திருக்கிறார்கள். சென்ற முறை நடந்தது போலவே நடந்தால், எண்ணுகிறவர்கள் வீடு வீடாகப் போவது பிப்ரவரியில். நீலகிரியில் உறைபனி அடித்துக் கொழுந்து ஓய்ந்திருக்கும் மாதம் அது. வேலை குறைந்து, வடக்கே ஊருக்குப் போய்வரக் கிளம்பும் குடும்பங்கள் அந்தச் சமயத்தில் எங்கே இருக்கிறார்களோ அங்கேதான் எண்ணப்படுவார்கள். திருப்பூரில் இருக்கும் மகன் பொங்கலுக்கு வந்துவிட்டுத் திரும்பியிருப்பான். சேரம்பாடி லைனில் கதவைத் திறக்கப்போவது அவன் அம்மாவாக இருக்கலாம். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டால் அந்த அம்மா அவனையும் சேர்த்தே சொல்வார். அவனைக் கழித்துவிட்டு எழுத வேண்டும் என்று கணக்கெடுப்பாளருக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்.